அந்துப்பூச்சிக் கூட்டை எங்கே வைப்பது? மரக்கிளை, வலைக்கூண்டு, மூடிய பெட்டி: ஓர் ஒப்பீடு

தெருவோரத்து வாதாம் மரத்தின் கிளைகள் மின்கம்பியை உரசுகின்றன என்று வெட்டிப் போட்டிருந்த ஓர் ஐப்பசி நாளில், குப்பை வண்டி வருவதற்குள் அந்தக் குவியலை விலக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு டசர் என்னும் காட்டுப் பட்டுப்பூச்சியின் முதல் கூடு கிடைத்தது. பெரிய நெல்லிக்காயை நீளவாக்கில் இழுத்துவிட்டாற்போன்ற வடிவம். சாம்பல் கலந்த பழுப்பு நிறம். நகத்தால் தட்டினால் கொட்டாங்குச்சியைத் தட்டுவது போன்ற ஓசை. ஒரு முனையிலிருந்து கறுத்த, உறுதியான காம்பு நீண்டு, குச்சியைச் சுற்றி மோதிரம் போல் இறுகியிருந்தது. இலை உதிர்ந்து போனாலும் கூடு உதிராமல் கிளையிலேயே தொங்கவேண்டும் என்பதற்காகப் புழு செய்துகொண்ட ஏற்பாடு அது.

கூடு கைக்கு வந்துவிட்டால் அடுத்த கேள்வி அதை எங்கே வைப்பது என்பதுதான். மரத்திலேயே விட்டு வலைப்பை கட்டலாம். பால்கனியில் வலைக்கூண்டுக்குள் தொங்கவிடலாம். வீட்டுக்குள் மூடியிட்ட பெட்டியில் வைக்கலாம். ஈர நார்த்தூள் பரப்பிய தொட்டியில் கிடத்தலாம். இந்த நான்கையும் வெவ்வேறு கூடுகளுக்குச் செய்து பார்த்திருக்கிறேன், சிலவற்றைக் கெடுத்தும் இருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுப் பூச்சிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர் வெயிலுக்கும் நம் வீட்டு எறும்புக்கும் அவை பொருந்துவதில்லை. ஆகவே தமிழ்நாட்டு வீடு ஒன்றில் இந்த முடிவை எப்படி எடுக்கலாம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடு காத்திருக்கும் வாரங்களுக்கு எந்த இடம் வசதி என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம், அதுதான் தவறு. பூச்சி வெளியே வருகிற அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த இடம் வசதி என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டுக்குள் உறங்கும் உயிர் பெரும்பாலான கவனக்குறைவுகளைப் பொறுத்துக்கொள்கிறது. வெளியே வந்துவிட்ட பூச்சிக்கோ அந்தப் பொறுமை கிடையாது. அது வெளிப்படும்போது சிறகுகள் விரல் நகம் அளவுக்குச் சுருங்கி, நனைந்த துணிபோல் இருக்கும். சொரசொரப்பான ஏதாவது ஒன்றைப் பற்றி மேலேறி, சிறகுகள் கீழ்நோக்கித் தொங்கும்படி நின்றுகொண்டு, உடலின் நீர்மத்தைச் சிறகு நரம்புகளுக்குள் அழுத்தி அவற்றை விரிக்கும். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் சிறகு முழு அளவை எட்டிவிடும். பறக்கும் அளவுக்கு உலர்ந்து இறுக மேலும் சில மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில் பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் போனால், சிறகு மடிந்த நிலையிலேயே இறுகிவிடும். அதன்பின் அதைச் சரிசெய்ய எந்த வழியும் இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது தீபாவளிக்கு வந்த ஓர் இனிப்புப் பெட்டியால். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், மூடியில் நானே குத்திய துளைகள், அடியில் மடித்த மெல்லிய காகிதம். பார்ப்பதற்கு மிக நேர்த்தியாக இருந்தது. அடுத்து வந்த ஒரு டசர் கூட்டை அதில் படுக்கவைத்துப் புத்தக அலமாரியில் வைத்தேன். ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தபோது, பெட்டியின் வழவழப்பான சுவரில் இரவெல்லாம் ஏறி ஏறிச் சறுக்கிய பெண் பூச்சி மூலையில் ஒடுங்கியிருந்தது. சுவர் முழுவதும் அதன் கால்கள் இழுத்த பழுப்புக் கோடுகள். ஒரு சாண் அகலத்துக்கு விரிந்திருக்க வேண்டிய சிறகுகள் கசக்கி எறிந்த பேருந்துச் சீட்டுப் போல இருந்தன. வாரக்கணக்கில் அந்தப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கடைசி இரவில் அது பயன்படவில்லை.

எடுப்பதற்கு முன்

கண்ணில் படும் கூடுகள் எல்லாம் வீட்டுக்கு வரவேண்டியவை அல்ல. மரத்தில் பத்திரமாகத் தொங்கும் கூட்டை அங்கேயே விடுவதுதான் பெரும்பாலும் நல்ல தேர்வு. வெட்டிய கிளை, இடிக்கப்போகும் சுவர், தொட்டி மாற்றும்போது கிளறப்பட்ட மண் என்று இடம் கெட்டுவிட்ட கூட்டுக்குத்தான் நம் உதவி தேவைப்படுகிறது. சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் கூட்டை எடுப்பது சட்டப்படி குற்றம். அங்கே இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை.

ரோமம் அடர்ந்த கம்பளிப்புழுக்கள் பலவும் தங்கள் ரோமத்தையே கூட்டில் சேர்த்துப் பின்னுகின்றன. மா, தென்னை மரங்களின் அடித்தண்டில் கெட்டியாக ஒட்டியிருக்கும் சிறு முட்டைவடிவக் கூடுகள் சிலவற்றின்மேல், கொட்டும் புழுவின் நுண்முட்கள் அப்படியே படிந்திருக்கும். புழு உள்ளே உருமாறிவிட்டாலும் முட்கள் தோலில் ஏறினால் அரிப்பும் தடிப்பும் வரும். இத்தகைய கூடுகளைக் கையால் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது, குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

உயிர் இருக்கிறதா என்பதைக் கனத்தைக் கொண்டு ஓரளவு அறியலாம். உயிருள்ள கூட்டுப்புழு அடங்கிய கூடு அதன் அளவுக்கு மிஞ்சிய கனத்துடன் இருக்கும். காதருகே ஒருமுறை மெல்லச் சாய்த்தால் உள்ளே ‘தொம்’ என்று ஒரு திண்மை நகர்வதை உணரலாம். காய்ந்துபோனது பஞ்சுபோல் இலேசாக இருக்கும், கிலுகிலுப்பை போல் ஒலிக்கும். சிறிய, வட்டமான, ஓரம் சீரான துளை ஒன்று தெரிந்தால், குளவியோ ஈயோ உள்ளே வளர்ந்து தன் வேலையை முடித்து வெளியேறிவிட்டது என்று பொருள். துளையே இல்லாத கூட்டிலும் ஒட்டுண்ணி இருக்கலாம். டசர் கூட்டுக்குள்ளிருந்து மஞ்சள் நிறக் குளவி வருவது புழு வளர்ப்போருக்குப் பழகிப்போன செய்தி. மல்பெரிப் பட்டு விவசாயிகளுக்கு, 1980இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டுப் பிறகு தமிழ்நாட்டுக்கும் பரவிய ஊசி ஈ அதே தலைவலி. ஆகவே எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், புதிதாகக் கொண்டுவந்த கூட்டை ஏற்கெனவே இருக்கும் கூடுகளோடு சேர்க்காமல் தனியே வைப்பது முறை.

வாசல் எங்கே இருக்கிறது

தேர்வை உண்மையில் தீர்மானிப்பது கூட்டின் வாசல். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

டசர் கூட்டுக்கும் மல்பெரிப் பட்டுக்கூட்டுக்கும் வாசலே கிடையாது. பூச்சி தன் வாயிலிருந்து கொக்கூனேஸ் என்னும் நொதியைச் சுரந்து கூட்டின் முனையை நனைக்கிறது. அந்த நொதி இழையைக் கரைப்பதில்லை. இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பசையை மட்டும் கரைக்கிறது. பசை இளகியதும் பூச்சி இழைகளை விலக்கிக்கொண்டு தலையை நுழைக்கிறது. டசரில் இந்த வழி காம்பு இருக்கும் பக்கமே திறக்கிறது, ஏனெனில் புழு தலை மேல்நோக்கி இருக்கும்படிதான் உருமாறுகிறது. எனவே கூட்டைக் காம்பு மேலே இருக்கும்படி தொங்கவிட்டால், பூச்சி வெளியே வந்ததும் அந்தக் கூட்டின்மேலேயே கால் ஊன்றித் தொங்கிக்கொள்ளும். அது முதலில் பற்றும் ஏணி அதன் சொந்தக் கூடுதான். என் இனிப்புப் பெட்டியில் கூட்டைப் படுக்கவைத்து அந்த ஏணியைத்தான் நான் பறித்திருந்தேன். டசர் விதைக்கூடுகளை, அதாவது முட்டைக்காக விட்டுவைக்கும் கூடுகளை, பாதுகாக்கும் முட்டை உற்பத்தி நிலையங்களில் அவற்றை மாலையாகக் கோத்துக் காற்றோட்டமுள்ள அறையில் வரிசையாகத் தொங்கவிடுவது வழக்கம். வீட்டில் ஒரே ஒரு கூடு வைத்திருப்பவருக்கும் அதே முறைதான் பொருந்தும்.

அட்லஸ் அந்துப்பூச்சியின் கூடும், ஆமணக்கு இலை தின்று வளரும் ‘எரி’ப் பட்டுப்புழுவின் கூடும் வேறு வகை. இவற்றில் புழு நூற்கும்போதே ஒரு முனையை இழைகள் குவிந்த வாயாக விட்டுவிடுகிறது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து நுழைவது கடினம். பூச்சி எதையும் கரைக்காமல் வெளியே வந்துவிடும். எரிக்கூடு வாய் திறந்தது என்பதால் அதிலிருந்து நீண்ட ஒற்றை இழையை உருவி எடுக்க முடியாது. பஞ்சு போல நூற்கிறார்கள். பூச்சி வெளியேறிய பின்பும் கூடு பயன்படுவதால்தான் அதற்கு அகிம்சைப் பட்டு என்ற பெயரும் வந்தது. இவ்வகைக் கூடுகளில் கவனிக்கவேண்டியது ஒன்றே: அந்த வாயைப் பசையாலோ நூலாலோ ஊசியாலோ அடைத்துவிடக் கூடாது. அட்லஸ் கூட்டைச் சுற்றியிருக்கும் காய்ந்த இலையையும் பிரிக்கவேண்டியதில்லை.

மூன்றாவது வகைக்குக் கூடு என்றே சொல்லத்தக்கது இருப்பதில்லை. நந்தியாவட்டையையும் அரளியையும் மொட்டையடிக்கும் கொழுத்த பச்சைப் புழுவைப் பலர் பார்த்திருப்பார்கள். தலைப்பக்கம் இரண்டு நீலக்கண் போன்ற புள்ளிகளும் பின்பக்கம் ஒரு குட்டைக் கொம்பும் உடையது. அது முதிர்ந்ததும் நிறம் கறுத்து, செடியைவிட்டு இறங்கி, சருகுக்கடியில் நான்கைந்து இழைகளை மட்டும் இழுத்துவிட்டுக் கூட்டுப்புழுவாகிவிடும். எள், கத்தரிச் செடிகளில் வளரும் மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழு இன்னும் ஆழமாக மண்ணுக்குள் இறங்கி ஓர் அறை செய்துகொள்கிறது. (அதன் பூச்சியைக் கையில் எடுத்தால் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும், முதல்முறை கேட்பவர் கையை உதறாமல் இருப்பது அரிது.)

மரத்திலேயே விட்டு வலைப்பை கட்டுதல்

இயற்கையான வெப்பம், இயற்கையான ஈரம், இயற்கையான பகல் நீளம் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தருவது இந்த ஒரு வழிதான். டசர் போன்ற பூச்சிகளின் ஒரு தலைமுறை வறண்ட மாதங்களைக் கூட்டுக்குள்ளேயே உறங்கிக் கழித்துவிட்டு, மழைக்காலத்தை ஒட்டி வெளியே வருகிறது. வீட்டுக்குள் விளக்கொளியிலும் அறை வெப்பத்திலும் இருக்கும் கூட்டுக்கு இந்தக் கணக்கு தவறிப்போகலாம். வடக்கே டசர் விதைக்கூடுகளைச் சேமிப்போர் மாசி முதல் வைகாசிவரை பருவம் தவறி வெளிவரும் பூச்சிகளால் இழப்பைச் சந்திப்பதுண்டு. ஒன்றிரண்டாக முன்கூட்டியே வரும் பூச்சிக்குத் துணை கிடைக்காது, முட்டை இட்டாலும் குஞ்சுக்குத் தளிர் இருக்காது.

ஆனால் இந்த வழியின் குறைகளும் சிறியவை அல்ல. பை இறுக்கமாக இருந்தால் பூச்சி வெளிவரும் இரவில் அதுவே இனிப்புப் பெட்டியாகிவிடும். கொசுவலைத் துணியில் பை தைத்து, உள்ளே இரண்டு பிரம்பு வளையங்களைக் கொடுத்து, கூட்டுக்குக் கீழே ஒரு முழம் வெற்றிடம் இருக்கும்படி கட்டினால்தான் பயன். காகமும் அணிலும் வலையைக் கிழிக்கத் தயங்குவதில்லை. காற்று மழையில் பை கூட்டோடு உரசிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும்விட, அது நம் மரமாக இருக்கவேண்டும். தெருமரத்தில் தொங்கும் வெள்ளைப் பையை யாராவது இழுத்துப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். சொந்தத் தோட்டமும் கைக்கெட்டும் உயரத்தில் கிளையும் உள்ளவர்களுக்கு இதை முதல் தேர்வாகச் சொல்வேன். அடுக்ககத்தில் இருப்பவர்கள் இதை மறந்துவிடலாம்.

வலைக்கூண்டு

பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துவது இதுதான். இதற்காக விலை கொடுத்துக் கூண்டு வாங்கவேண்டியதும் இல்லை. சாப்பாட்டை மூடிவைக்கும் குடை வடிவ வலைமூடிகள் இரண்டை வாய்க்கு வாய் வைத்துத் தைத்தாலே ஒரு கூண்டு கிடைத்துவிடும். அழுக்குத்துணி போடும் மடிக்கும் வலைக்கூடையின் வாயை வலைத்துணியால் மூடினால் இன்னும் வசதி. இரும்பு வலை வேண்டாம். அதன் முனைகள் சிறகின் ஓரத்தைக் கிழித்துவிடும். மென்மையான நைலான் வலையில் பூச்சி எந்தப் பக்கத்திலும் ஏறிக்கொள்ளலாம் என்பதுதான் இந்த வழியின் முழுப் பலன்.

கூட்டை அதன் குச்சியோடு கொண்டுவந்திருந்தால், அந்தக் குச்சியையே துணிக் கிளிப்பால் கூண்டின் கூரையில் மாட்டிவிடலாம். குச்சி இல்லையென்றால் காம்பில் பருத்தி நூல் கட்டித் தொங்கவிடலாம். காம்பும் இல்லாத கூட்டின் மேலடுக்கு இழைகளுக்குள் மட்டும் மெல்லிய ஊசியால் நூலைக் கோத்துக்கொள்ளலாம், ஆழமாகக் குத்தினால் உள்ளே இருப்பதன் மேல் படும். கூண்டு நேர்வெயில் படாத, மழைச்சாரல் நேரே அடிக்காத, காற்று நடமாட்டம் உள்ள இடத்தில் இருக்கவேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியோ, திண்ணையோ, மாடிப்படியின் அடியோ போதும்.

வலைக்கூண்டின் பலவீனம் எறும்பு. அசையாத, புரதம் நிறைந்த ஒரு பொருள் தொங்குவதை அவை எப்படியோ கண்டுபிடித்துவிடுகின்றன. குறிப்பாகக் கூட்டின் முனை நனைந்து வாசல் இளகும் நேரத்தில் வந்துவிட்டால் பூச்சியால் தப்பமுடியாது. கூண்டை மேசைமேல் வைக்கிறீர்கள் என்றால் மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது நம் பாட்டிமார் பலகார டப்பாவுக்குச் செய்த அதே உத்தி. தொங்கவிடுகிறீர்கள் என்றால் கயிற்றின் நடுவில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வாஸலின் (பெட்ரோலியம் ஜெல்லி) பூசுங்கள், தூசி படிந்ததும் துடைத்துவிட்டு மீண்டும் பூசுங்கள். எறும்புச் சாக்பீஸால் கோடு போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி. அது எறும்புக்கும் அந்துப்பூச்சிக்கும் வேற்றுமை பார்க்காது. கொசுவர்த்திக்கும் மின்சாரத்தில் மாட்டும் திரவக் கொசுவிரட்டிக்கும் இதே தடை. கொசுவிரட்டி எரியும் படுக்கையறையில் கூண்டு இருப்பதைவிடத் திண்ணையில் எறும்போடு போராடுவது மேல்.

பல்லி மற்றொன்று. கூட்டை அது தீண்டாது. சிறகு உலர்த்தும் பூச்சியை விடாது. வலையில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் உள்ளே வந்துவிடும்.

மூடிய பெட்டி

இதுவரை எழுதியதைப் பார்த்து நான் பெட்டிக்கு எதிரி என்று எண்ணவேண்டாம். பெட்டி சரியாகப் பொருந்தும் கூடு ஒன்று உண்டு. அது மல்பெரிப் பட்டுக்கூடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் வளர்த்ததில் அந்தப் பூச்சி பறக்கும் ஆற்றலையே இழந்துவிட்டது. சிறகு முழுமையாக விரியாவிட்டாலும் அது இணைசேரும், முட்டையிடும், சில நாளில் மடியும். அதற்கு மூடிய பெட்டிகூடத் தேவையில்லை, செய்தித்தாள் விரித்த முறம் போதும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உருமாற்றத்தைக் காட்ட விரும்புபவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் இதைத்தான். தர்மபுரியில் உள்ளது போன்ற அரசு பட்டுக்கூடு அங்காடிகளுக்கு வருபவை புழு நூற்கத் தொடங்கிய ஐந்து முதல் ஏழு நாளில் அறுவடை செய்த உயிருள்ள கூடுகள். பக்கத்தில் தெரிந்த விவசாயி இருந்தால் பத்துக் கூடு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் பூச்சிகள் வந்துவிடும், பெரும்பாலும் விடியற்காலையில். ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: இழை உருவுவதற்காக வெப்பமூட்டிய கூட்டில் உயிர் இருக்காது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வகுப்பறையே அத்தகைய கூடுகளைச் சுற்றி மூன்று வாரம் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காட்டுப்பூச்சிகளின் கூட்டுக்குப் பெட்டிதான் ஒரே வழி என்றால், பிளாஸ்டிக்குக்குப் பதில் அட்டைப்பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அட்டையில் கால் பிடிக்கும். அதிகப்படி ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். உட்புறத்தில் இரண்டு சுவர்களிலும் கூரையிலும் சாக்குத்துணி ஒட்டி, முன்புறத்தை வலையாக்கிவிட்டால், அது பெயரளவில் பெட்டி, செயலில் வலைக்கூண்டு. அடைபட்ட பிளாஸ்டிக் பெட்டியில் எறும்பும் பல்லியும் நுழைவதில்லை என்பது உண்மை. ஆனால் உள்ளே கட்டி நிற்கும் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்துக்குப் பயந்து ஈரமே காட்டாமல் விட்டால் கூட்டுப்புழு வறண்டு, பூச்சி தன் தோலிலிருந்து பாதி கழன்ற நிலையில் சிக்கிக்கொள்ளும்.

நார்த்தூள் தொட்டி

மண்ணில் உருமாறும் வகைக்குத் தொங்கவிடுவது பொருளற்றது. கிளறப்பட்ட மண்ணிலிருந்து கிடைத்த கூட்டுப்புழுவைத் திரும்ப ஆழமாகப் புதைப்பதும் தவறே. புழு தானே அமுக்கி வழவழப்பாக்கிச் செய்த அறை உடைந்துவிட்டது. நாம் மேலே போடும் மண் சரிந்து அதை நெருக்கும். தேங்காய் நார்த்தூளைக் கையில் பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு நனைத்து, நான்கு விரற்கடை உயரம் பரப்பி, கட்டைவிரலால் ஒரு பள்ளம் செய்து, அதில் கூட்டுப்புழுவை வயிற்றுப்புறம் கீழே இருக்கும்படி கிடத்தி, மேலே ஓர் இலையால் மூடினால் போதும். தொட்டியின் உள்ளே சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்துவைத்து, மேலே வலை கட்டவேண்டும். தொட்டால் வயிற்றை நெளித்தால் உயிர் இருக்கிறது. நிறம் கறுத்து, சிறகின் கோலம் தோலுக்கடியில் தெரியத் தொடங்கினால் ஓரிரு நாள்தான் பாக்கி. வெயில் காலத்தில் நந்தியாவட்டைப் புழுவின் பூச்சி இரண்டு வார அளவில் வந்துவிடும்.

இந்த வகைக்கு மற்ற எந்தக் கூட்டையும்விட ஓர் அவசரம் உண்டு. டசருக்கும் அட்லஸுக்கும் உண்பதற்கு வாயே வளர்ந்திருப்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டுதான் வாழ்நாள் முழுவதும் கழிகிறது. நந்தியாவட்டைப் பூச்சிக்கு நீண்ட உறிஞ்சுகுழல் இருக்கிறது, பூவில் தேன் குடிக்கவேண்டும். அதை வந்த இரவே விட்டுவிடவேண்டும்.

ஃப்ரிட்ஜும் கத்தரிக்கோலும்

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை வேண்டாம் என்பதே. அந்த அறிவுரை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். வட அமெரிக்காவின் செக்ரோப்பியா அந்துப்பூச்சி குளிர்காலத்தை உறங்கிக் கழிப்பது. பல வாரம் குளிரில் இருந்த பிறகுதான் அதன் மூளை வளர்ச்சியைத் தூண்டும் சுரப்பை வெளியிடுகிறது என்பதை ஹார்வர்டில் கேரல் வில்லியம்ஸ் 1940களில் நிறுவினார். அந்தப் பூச்சியை வளர்ப்பவர்களுக்கு ஃப்ரிட்ஜ் குளிர்காலத்தின் மாற்று. நம் சமவெளியில் அப்படியொரு குளிர்காலமே கிடையாது. இங்குள்ள பூச்சி காத்திருப்பது மழைக்கு. ஃப்ரிட்ஜின் குளிரில் அதற்குக் கிடைப்பது சாவுதான்.

கூட்டை வெட்டித் திறந்து உதவலாமா என்பது அடுத்தது. உள்ளே பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வெட்டிய கூட்டிலிருந்து எடுத்த கூட்டுப்புழுவும் பூச்சியாகிவிடக்கூடும் என்பது உண்மைதான்; ஆனால் பூச்சி தோலிலிருந்து கழன்று வரும்போது கூட்டின் சுவரை எதிர்த்து உந்துகிறது, பழைய தோல் அங்கேயே சிக்கி நிற்கிறது. சுவர் இல்லாத இடத்தில் தோலையும் இழுத்துக்கொண்டு அலையும். ஒரே ஒரு நிலையில் மட்டும் கத்தரிக்கோலை எடுப்பேன்: முனை நனைந்து, உள்ளே சுரண்டும் ஓசை கேட்டு, ஒரு முழு நாள் கடந்தும் வாசல் திறக்காமல், ஓசையும் தளர்ந்துவிட்டால். அப்போதும் வெந்நீர் ஆறிய வெதுவெதுப்பில் நனைத்த பஞ்சால் முனையை இளக்கிப் பார்த்துவிட்டு, பிறகே காம்பையொட்டிய ஓரத்தில் ஒரு நெல் நீளத்துக்கு வெட்டுவேன்.

தண்ணீர் தெளிப்பதைப் பொறுத்தவரை, முடிவெட்டும் கடையில் வைத்திருக்கும் தெளிப்பான் போன்ற ஒன்றால் வாரம் இருமுறை கூண்டின் வலையில் பனிபடர்ந்தாற்போல் அடித்தால் போதும், கோடையில் நாள்தோறும். மழைக்காலத்தில் திண்ணையில் இருக்கும் கூண்டுக்கு அதுவும் தேவையில்லை. அக்கினி நட்சத்திர நாட்களில் பட்டு வளர்ப்பு மனைகளில் தொங்கவிடுவது போல ஈரச் சாக்கு ஒன்றைக் கூண்டுக்கு அருகில் தொங்கவிடலாம்.

வந்தபின்

மாலையில் கூட்டின் முனையில் ஈரத்திட்டு தெரிந்தால் அன்றிரவு கூண்டை அசைக்காதீர்கள். விரிந்துகொண்டிருக்கும் சிறகைத் தொட்டுப் பார்க்கவோ, படம் எடுப்பதற்காக வேறு கிளைக்கு மாற்றவோ வேண்டாம். பூச்சி பழுப்பான நீரை வெளியேற்றும். அது இரத்தமும் நோயும் அல்ல, உருமாற்றத்தின் கழிவு. கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்திருந்தால் தரை தப்பும்.

உணர்கொம்பு அகன்ற இறகு போல் இருந்தால் ஆண், ஒடுங்கியிருந்தால் பெண். ஆணை அன்றிரவோ மறுநாள் அந்தி சாய்ந்ததுமோ, தெருவிளக்கிலிருந்து விலகி, கூடு கிடைத்த இடத்தருகே விட்டுவிடலாம். பெண்ணை ஓர் இரவு வலைக்கூண்டோடு வெளியே தொங்கவிடுவதுதான் என் வழக்கம். அது இருந்த இடத்திலிருந்தே மணத்தைப் பரப்பி ஆணை அழைக்கும். பட்டுப்பூச்சியின் இந்த மணப்பொருளைத்தான் 1959இல் ஜெர்மன் வேதியியலாளர் பூட்டனண்டின் குழுவினர் ஏறத்தாழ ஐந்து லட்சம் பூச்சிகளைக் கொண்டு முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். பக்கத்துத் தோப்பில் ஆண் இருந்தால் விடிவதற்குள் வலையின் வெளிப்புறத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்டியைக் கொண்டு அறைக்குள் வளர்ப்பவருக்கு இந்த வாய்ப்பே இல்லை என்பதையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் காத்திருப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். மல்பெரிக்கூடு மூன்று வாரத்தில் திறக்காவிட்டால் கைவிடலாம். எரிக்கூட்டுக்கும் நந்தியாவட்டைப் புழுவுக்கும் ஒன்றரை மாதம் தாராளம். அட்லஸுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வழக்கம், வறட்சியில் அதற்கு மேலும் ஆகும். டசருக்கு மட்டும், கனம் குறையாதவரை, நாட்காட்டியைப் பார்க்கக்கூடாது. ஐப்பசியில் வாதாம் கிளையோடு வந்த அந்த முதல் கூட்டை வீட்டில் எல்லோரும் செத்தது என்று சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது ஒருமுறை அது குப்பைக்கூடைவரை போய்த் திரும்பியது. வைகாசியில் இரண்டாவது கோடைமழை பெய்த மறுநாள் மாலை, காம்பின் அடியில் ஐந்து பைசா அளவுக்கு ஈரம் படர்ந்தது. எட்டு மணிக்குச் செங்கல் நிறத்தில் ஓர் ஆண் வலையைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குக் கூண்டின் வாயைத் திறந்து, மாடி விளக்கை அணைத்துவிட்டுக் கீழே வந்தேன். விடிந்து பார்த்தபோது காலிக் கூடும், செய்தித்தாளில் காய்ந்த ஒரு பழுப்புத் துளியும் இருந்தன.